குரூப்பில் வரும் சண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு வட்ஸ்அப் குரூப் இருக்கிறது. கோயிலுக்கு ஒன்று, பள்ளிவாசல் மஹல்லாவுக்கு ஒன்று, மரண உதவிச் சங்கத்துக்கு ஒன்று, வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறக்கிறார்கள் என்று சொல்ல வயல் கண்டத்துக்கு ஒன்று. அதற்கு மேல் பேஸ்புக்கில் ஊர்ப் பக்கங்கள். இவற்றில் சண்டை மூளும்போது திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம்.

நேரில கண்டா "வாங்க அண்ணே, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" எண்டு சொல்ற ஆள், குரூப்பில மட்டும் ஏன் வாய்க்கு வந்தபடி ஏசுறார்?

நேரில் கதைக்கும்போது எதிரே நிற்பவரின் முகம் சுண்டுவது தெரியும். தெரிந்த உடனே வாய் தானாக அடங்கும். போனில் எழுதும்போது அந்தக் கடிவாளம் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜோன் சூலர் 2004இல் இதற்கு ஆறு காரணங்களைப் பிரித்துச் சொன்னார்: நான் யாரென்று தெரியாது என்ற தைரியம், என்னைப் பார்க்க முடியாது என்ற தைரியம், பதில் உடனே வராது என்ற வசதி, எதிராளியின் குரலை நம் தலைக்குள்ளேயே கற்பனை செய்துகொள்வது, இது நிஜ வாழ்க்கை இல்லை என்ற எண்ணம், பெரியவர் சின்னவர் என்ற படி மறைந்துபோவது.

ஊர்க் குரூப்பில் முதற்காரணம் பொருந்தாது. பேரும் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஏசுகிறார்கள். இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தில் 2012இல் செய்த சோதனை இதற்கு விடை தருகிறது: பேர் தெரியாமல் இருப்பதைவிட, கண்ணைப் பார்க்காமல் இருப்பதுதான் வாயை அதிகம் அவிழ்த்துவிடுகிறது. தேத்தண்ணி தருகிற மனிதரும் ஏசுகிற மனிதரும் ஒரே ஆள்தான். நடுவில் கண் இல்லை, அவ்வளவுதான்.

அப்ப இவங்க எல்லாரும் உள்ளுக்குள்ள கெட்ட ஆக்களா?

ஒரு சிலர் அப்படித்தான். அடுத்தவர் துடிப்பதைப் பார்த்து ரசிக்கிற குணம் சிலரிடம் உண்டு. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் காட்டியபடி, இணையத்தில் அரசியல் பேசி அடாவடி செய்பவர்கள் பெரும்பாலும் நேரிலும் அடாவடிக்காரர்களே. சந்தியில் நின்று கத்தினால் பத்துப் பேர் கேட்பார்கள், குரூப்பில் எழுதினால் நானூறு பேர் படிப்பார்கள். அதனால் ஊரே கெட்டுவிட்ட மாதிரித் தெரிகிறது.

ஆனால் நீங்கள் சந்திக்கும் சண்டைகளில் பாதிக்கு மேல் இவர்களால் வருவதாக நினைக்காதீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட், கோர்னெல் பல்கலைக்கழகங்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்கு முதலில் கடினமான கேள்விகளைக் கொடுத்து மனநிலையைக் கெடுத்தார்கள். பிறகு ஒரு கட்டுரையைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார்கள். நல்ல மனநிலையில் இருந்து, தமக்கு மேலே நல்ல கருத்துகளையும் பார்த்தவர்கள் எழுதியதில் 35 வீதம் மட்டமாக இருந்தது. மனமும் கெட்டு, மேலே மட்டமான கருத்துகளையும் பார்த்தவர்கள் எழுதியதில் 68 வீதம். இவர்கள் யாரும் தேர்ந்தெடுத்த ரவுடிகள் அல்ல, சாதாரண மனிதர்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: மோசமான கருத்துகள் இரவு ஏற ஏறக் கூடுகின்றன. இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள். அட்மின்மாருக்கான பதிலில் திரும்ப வரும்.

நான் பகிடிக்குத்தானே எழுதினன். ஏன் இவ்வளவு கோபம்?

உங்கள் தலைக்குள் அந்த வசனம் சிரித்த குரலில் ஓடியது. படித்தவருக்கு அந்தக் குரல் போகவில்லை. 2005இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், கிண்டலா நிஜமா என்பதை மின்னஞ்சல் படிப்பவர் 78 வீதம் சரியாகப் பிடிப்பார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் பிடித்தது 56 வீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல்.

தமிழில் இது இன்னும் சிக்கல். ஒரு "ங்க" விடுபட்டால் மரியாதையே விடுபடுகிறது. அவசரத்தில் "எப்ப வாற?" என்று தட்டுவது நண்பனுக்குச் சரி, மாமாவுக்குப் பிழை. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுபவர்களுக்கு வலி, வழி, வளி மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டல். "ஓம் ஓம், நீங்க சொன்னாச் சரிதானே" என்ற வசனத்தை மூன்று குரலில் சொல்லிப் பாருங்கள். ஒன்று உடன்பாடு, ஒன்று சலிப்பு, ஒன்று குத்தல். எழுத்தில் மூன்றும் ஒன்றுதான். பகிடி என்றால் பத்து விநாடி வொய்ஸ் அனுப்புங்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், நேரில் பகிடி விட்டுப் பழகியவரிடம் மட்டும் விடுங்கள்.

ஏசினவனுக்குப் பதில் எழுதணுமா, பேசாம விடணுமா?

ஏச்சைப் பார்க்காதீர்கள். ஏச்சுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெறும் ஏச்சு என்றால் பதில் வேண்டாம். ஏச்சோடு ஒரு நியாயமான கேள்வி ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில். யாருக்காவது தீங்கு வரக்கூடிய பொய் என்றால், யார் எழுதினாலும், ஒரு தரம் திருத்தியே ஆக வேண்டும்.

பேசாம இருந்தா "பயந்திட்டான்" எண்டு நினைப்பாங்களே?

யார் நினைப்பார்கள்? குரூப்பில் எழுதுவது எப்போதும் பத்துப் பன்னிரண்டு பேர்தான். மிச்சப் பேர் வாசித்துவிட்டுப் போகிறவர்கள். நீங்கள் எழுதும் பதில் அவர்களுக்கு. ஏசியவரை வெல்ல முடியாது, அவர் தோற்றதாக ஒப்புக்கொள்ளவும் மாட்டார். வாசிப்பவருக்குத் தேவையான விபரம் ஒரு தரம் போய்விட்டால் உங்கள் வேலை முடிந்தது. இரண்டாம் பதில் விளக்கத்துக்கு. மூன்றாம் பதிலில் இருந்து வாசிப்பவர்களுக்கு நீங்கள் இருவரும் ஒன்றாகத்தான் தெரிவீர்கள்.

சரி, பதில் எழுதுறதெண்டா எப்பிடி எழுதுறது? ஒரு உதாரணம் சொல்லுங்க.

கோயில் குரூப்பில் அடிக்கடி வரும் ஒன்றை எடுப்போம். திருவிழா முடிந்து மூன்று மாதம். இரவு ஒன்பதரைக்கு ஒரு தம்பி எழுதுகிறார்: "கணக்கு எங்க? எல்லாரும் சேந்து திண்டு முடிச்சிட்டீங்களா?" பொருளாளர் உடனே தட்டுகிறார்: "பத்து ரூவா தராதவன் எல்லாம் கணக்குக் கேக்க வந்திட்டான்." இந்த இடத்தில் பொருளாளர் தோற்றுவிட்டார். கணக்குச் சரியாக இருந்தாலும் தோற்றுவிட்டார், ஏனென்றால் கணக்கு எங்கே என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. இனி தம்பியின் அப்பா வருவார், பொருளாளரின் மச்சான் வருவார், விடியும்போது எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) எவ்வளவு உரிமை என்பதில் போய் நிற்கும்.

செய்ய வேண்டியது இது. முதலில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருபது நிமிடம் வேறு வேலை பாருங்கள். பிறகு பதிலைக் குரூப்பில் எழுதாமல், போனில் குறிப்பு எழுதும் இடத்தில் எழுதுங்கள். தவறிப்போய் அனுப்பும் ஆபத்து அங்கே இல்லை. எழுதியதில் எதிராளியைப் பற்றிய சொற்கள் அத்தனையையும் வெட்டுங்கள். மிச்சம் இப்படி வரும்: "திருவிழாக் கணக்கு வாற ஞாயிறு பின்னேரம் 4 மணிக்குக் கோயில் மண்டபத்தில் வாசிக்கப்படும். பற்றுச்சீட்டுப் புத்தகங்களும் அங்கே இருக்கும். அதற்கு முதல் பார்க்க விரும்புகிறவர்கள் என்னிடம் வரலாம்." நாள், நேரம், இடம், அத்தாட்சி. "திண்டு முடிச்சிட்டீங்களா" என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, அது கண்ணிலேயே படாத மாதிரி.

தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டாம் வசனத்தைச் சேர்த்த உடனே பொருளாளருக்குத் தப்பி ஓட வழி கொடுத்துவிட்டார். இனி அவர் கணக்கைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை, தனக்கு நடந்த அவமானத்தைப் பற்றிக் கதைத்தால் போதும்.

குரூப்பில கதைக்காம நேரடியாக் கோல் எடுத்தா என்ன?

தெரிந்தவர் என்றால் இதைவிட நல்ல மருந்து இல்லை. குரல் வந்த உடனே முதற்கேள்வியில் சொன்ன கடிவாளத்தில் பாதி திரும்ப வந்துவிடும். பார்வையாளர்களும் போய்விடுவார்கள். நானூறு பேர் முன்னால் இறங்கிவராதவர் தனியே இறங்கிவருவார். அன்றிரவே எடுக்க வேண்டாம், அடுத்த நாள் காலையில் எடுங்கள். "நீங்க ஏன் அப்பிடி எழுதினீங்க" என்று தொடங்கினால் அவர் எழுதியதையே திரும்பச் சொல்வார். "இரவு எழுதினதப் பாத்தன், என்ன நடந்த?" என்று கேட்டுவிட்டு அவரைக் கதைக்க விடுங்கள்.

கதைத்ததை ஒலிப்பதிவு செய்து குரூப்பில் போடுவது துரோகம். இன்பொக்ஸில் எழுதியதை ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போடுவதும் அப்படித்தான். ஒரு தரம் செய்தால் பிறகு உங்களோடு தனியே யாரும் மனம்விட்டுக் கதைக்கமாட்டார்கள். மிரட்டல் இதில் சேராது, அது கடைசிப் பக்கம் வருகிறது. அதேபோல, தன்னைத் தொல்லைப்படுத்தும் ஆணுக்குக் கோல் எடுத்துச் சமாதானமாகப் பேசு என்று ஒரு பெண்ணிடம் சொல்லவே கூடாது. அந்த ஆணுக்குத் தேவைப்பட்டதே அந்தக் கோல்தான்.

நான் அட்மின். சண்டை துவங்கினா எந்த இடத்தில மறிக்கிறது?

துவங்க முன்னம் மறிப்பதுதான் லேசு. குரூப்பின் விபர இடத்தில் நாலு வரி எழுதிவைக்கலாம்: இந்தக் குரூப் எதற்கு, என்ன போடக் கூடாது, மீறினால் என்ன நடக்கும், இரவு எத்தனை மணிக்குப் பிறகு மூடப்படும். பத்து வரி எழுதினால் ஒருவரும் படிக்கமாட்டார்கள். வட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதற்காகச் சேர்க்க வேண்டாம். முன்னூறு தாண்டினால் அறிவித்தலுக்கு ஒன்று, கதைக்க ஒன்று என்று பிரித்துவிடுவது நல்லது. அறிவித்தல் குரூப்பில் அட்மின் மட்டும் எழுதலாம்.

சூடான அறிவித்தல் போடப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) தெரிவோ, கூரை வேலைக்குக் காசு சேர்ப்பதோ. முதல் மூன்று பதில்கள்தான் மிச்சத்தின் தொனியைத் தீர்மானிக்கும், மேலே சொன்ன ஆய்வில் பார்த்தோம். நிதானமான இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, உருப்படியான கேள்விகளை அவர்களைக் கொண்டு முதலில் கேட்பியுங்கள். காலையில் போடுங்கள். இரவு ஒன்பது மணிக்குப் போட்டால் விடிய விடிய நீங்கள்தான் முழித்திருக்க வேண்டும்.

துவங்கிவிட்டால்: குரூப் பெயரைத் தட்டினால் வரும் பக்கத்தில் "குரூப் பர்மிஷன்ஸ்" என்று இருக்கும். அதில் உறுப்பினர்கள் மெசேஜ் அனுப்புவதை நிற்பாட்டலாம். மூடும்போது காரணத்தையும் திறக்கும் நேரத்தையும் எழுதுங்கள்: "நாளைக் காலை 8 மணிக்குத் திறக்கப்படும்." நேரம் சொல்லாமல் மூடினால் வாயை அடைத்துவிட்டான் என்று இன்னொரு குரூப் தொடங்கி அங்கே உங்களை ஏசுவார்கள். மற்றவர் எழுதியதை அட்மின் அழிக்கலாம், ஆனால் எந்த அட்மின் அழித்தார் என்று அந்த இடத்திலேயே பேர் காட்டும். ஆகவே அழிக்க முன் எழுதியவரிடம் தனியே சொல்லி, அவரையே அழிக்கச் சொல்வது நல்லது. எல்லாருக்குமாக அழிக்க அவருக்கு இரண்டு நாளுக்குச் சற்று மேல் அவகாசம் இருக்கிறது. ஆளை நீக்குவது கடைசி வழி. நீக்கினால் எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லி, அந்த நாளில் மறக்காமல் திரும்பச் சேர்க்க வேண்டும்.

பேஸ்புக் பக்கம் என்றால் கருத்தை அழிக்காமல் மறைக்கலாம். மறைத்த கருத்து எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் மட்டும் தெரியும். தான் மறைக்கப்பட்டது பலருக்குத் தெரியவே வராது, அதனால் அழித்தால் வரும் இரண்டாம் சுற்று வராமல் போகும்.

எங்கட குரூப்பில அட்மின்தான் முதல் சண்டைக்காரன். அதுக்கு?

இன்னும் ஒருவரை அட்மினாக்கச் சொல்லிக் கேளுங்கள், அதுவும் எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவரை. மறுத்தால் குரூப் அவருடைய வளவு என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ற மாதிரி நடக்க வேண்டியதுதான்.

எனக்குப் படிப்பிச்ச சேர் பிழையான செய்தி ஒண்டைப் போட்டிருக்கிறார். மூத்த ஆள். எப்பிடித் திருத்துறது?

குரூப்பில் திருத்தாதீர்கள். சரியாகச் சொன்னாலும் அது சபையில் மடக்கின கதையாகிவிடும். அவரும் பிழையை விடமாட்டார், மானம் போய்விடுமே. இன்பொக்ஸில் இப்படி எழுதலாம்: "சேர், இந்தச் செய்தி பழையது போலக் கிடக்கு, சரியானது இது. நீங்களே குரூப்பில போட்டா எல்லாரும் கேப்பாங்க." திருத்தும் பெருமையை அவருக்கே கொடுத்துவிடுகிறீர்கள். அரை மணித்தியாலம் பாருங்கள். ஒன்றும் நடக்காவிட்டால், அவர் பேரைச் சொல்லாமல் சரியான செய்தியை மட்டும் தனியாகப் போடுங்கள். வெள்ளம், புயல், வான்கதவு திறப்பது மாதிரி உயிர்ச் செய்தி என்றால் இந்த மரியாதை எல்லாம் பார்க்க நேரமில்லை. உடனே குரூப்பிலேயே திருத்துங்கள், இன்பொக்ஸில் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

பேக் ஐடியில வந்து ஏசுறான். ஆரெண்டு கண்டுபிடிக்க ஏலாதா? எல்லாரும் சொந்தப் பேரில வரணும் எண்டு சட்டம் போட்டா என்ன?

மொட்டைக் கடிதம் எழுதும் பழக்கம் நமக்குப் புதிது அல்ல. அப்போது கந்தோருக்குப் போனது, இப்போது பேஸ்புக்குக்கு வருகிறது. நீங்கள் ஊகித்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். "இந்தச் சொல்லப் பாத்தா அவன்ர எழுத்துத்தான்" என்று ஊரில் அடித்துச் சொல்பவர்கள் பலமுறை பிழைத்திருக்கிறார்கள். அந்தப் பிழையால் வருகிற பகை பேக் ஐடியால் வருவதைவிட நீளமாக ஓடும். பேக் ஐடிக்கு வேண்டியது பதில். அதைக் கொடுக்காமல், அந்தக் கணக்கை முறையிட்டுவிட்டு மறைத்துவிடுங்கள்.

சொந்தப் பேர்ச் சட்டத்தைத் தென்கொரியா செய்து பார்த்தது. பெரிய தளங்களில் எழுத அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்று 2007இல் விதித்தார்கள். 2012இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அதை நீக்கியது. எதிர்பார்த்த அளவு பலன் இல்லாதது மட்டுமல்ல, பேச்சுரிமையையும் அது பாதித்தது. நம் பக்கத்தில் காணி, லஞ்சம் மாதிரி விடயங்களைச் சொந்தப் பேரில் எழுதப் பயப்படுகிறவர்களுக்குக் காரணம் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

தமிழ், முஸ்லிம் கதை வந்தா எல்லாரும் ஒரேயடியா வெறி பிடிச்ச மாதிரி ஆகிறாங்க. அதுக்குள்ள போறதா, விலகி நிக்கிறதா?

கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரம் உயர்த்துவது, எல்லைக் காணி, பாடசாலை உடுப்பு. இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டால் போதும், ஐந்து நிமிடத்தில் நூறு கருத்து. ஏனென்று கேட்டால் ஒரு விடை இருக்கிறது. டுவிட்டரில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த கட்டுரையின்படி, ஆத்திரமும் நியாய அநியாயமும் கலந்த சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பதிவு பரவுவது ஏறத்தாழ 20 வீதம் கூடுகிறது. "துரோகி", "வெட்கக்கேடு" மாதிரிச் சொற்கள். பக்கம் நடத்துபவருக்கு இது தெரியும். உங்கள் ஆத்திரம் அவருக்கு எண்ணிக்கை.

இதன் எல்லை எங்கே போகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் கறியில் கட்டியாக எதையோ கண்ட வாடிக்கையாளர், மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் குற்றம் சாட்டினார். சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர் நெருக்கடியில் தலையாட்டியது வீடியோவாகப் பரவியது. கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது மாவுக்கட்டி என்று தெரியவந்தது. அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை. அதற்குள் மார்ச் மாதம் கண்டிப் பக்கம் எரிந்து, சமூக ஊடகங்கள் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. இதில் தன் பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது.

ஆகவே இங்கே விதி வேறு. வழக்கமான குத்தல் பேச்சு என்றால் விலகி நில்லுங்கள். நடந்ததாகச் சொல்லும் ஒரு சம்பவம், ஒரு படம், "நாளைக்கு வாறாங்களாம்" என்ற வொய்ஸ் என்றால் விலகி நிற்க வேண்டாம். வட்ஸ்அப் மெசேஜுக்கு மேலே அம்பு இரட்டையாக இருந்து "பலமுறை பகிரப்பட்டது" என்று காட்டினால், அனுப்பியவருக்கே முதற்கை விபரம் தெரியாது என்று அர்த்தம். எங்கே, எப்போது, யார் பார்த்தது என்று மட்டும் கேளுங்கள். அந்த ஊரில் தெரிந்த ஒருவருக்குக் கோல் எடுங்கள். காத்தான்குடியில் நடந்ததாகச் சொன்னால் காத்தான்குடியில் ஒரு காக்காவை (முஸ்லிம் அண்ணனை) உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

திருத்துவதைத் தன் பக்கத்து ஆள்தான் செய்ய வேண்டும். தமிழ்க் குரூப்பில் பரவும் பொய்யைத் தமிழரும், முஸ்லிம் குரூப்பில் பரவுவதை முஸ்லிமும். அமெரிக்காவில் இனவெறிச் சொல் எழுதிய வெள்ளையர்களைக் கண்டித்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், அதே வெள்ளையரும் பலர் பின்தொடர்பவருமான ஒருவரின் பேரில் போன கண்டிப்புக்குத்தான் பலன் தெரிந்தது. ஊரில் சொல்வதென்றால், மற்றவன் சொன்னால் ஏச்சு, மாமா சொன்னால் புத்தி.

எங்கட ஊர்ல கொம்புமுறியில ரெண்டு பக்கமும் வசை பாடித்தானே விளையாடினாங்க? ஏச்சு புதுசில்லையே?

நல்ல கேள்வி. கண்ணகியம்மனுக்காகக் கொம்புகளைக் கோத்து இழுக்கும் அந்த விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகி, வசைப்பாட்டில் ஒருவரையொருவர் கிழித்தது உண்மைதான். ஆனால் அந்த ஏச்சுக்கு நாள் இருந்தது, இடம் இருந்தது, எதுகை மோனை இருந்தது, மேலே கண்ணகியம்மன் இருந்தாள். கொம்பு முறிந்தால் ஆட்டம் முடிந்தது. குரூப்பில் கொம்பு முறிவதே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் எழுதியதை இன்றைக்கும் மேலே தள்ளி எடுத்துக் காட்டலாம். ஏச்சைவிட, அதற்கு முடிவு இல்லாததுதான் வில்லங்கம். அட்மின் மூடும் நேரமும் திறக்கும் நேரமும் சொல்ல வேண்டும் என்றது இதற்காகத்தான்.

நானே ஆத்திரத்தில பிழையா எழுதிட்டன். இப்ப என்ன செய்யிற?

பதினைந்து நிமிடத்துக்குள் என்றால் வட்ஸ்அப்பில் திருத்தலாம். அதற்குப் பிறகு அழிக்கத்தான் முடியும். சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகாதீர்கள், யாரோ ஸ்கிரீன்ஷொட் எடுத்திருப்பார். எங்கே ஏசினீர்களோ அங்கேயே ஒரு வரி: "இரவு நான் எழுதினது பிழை. அவரிட்ட மன்னிப்புக் கேக்கிறன்." அதற்குப் பின்னால் "ஆனா அவரும்" என்று சேர்த்தால் அது மன்னிப்பு இல்லை, இரண்டாம் சுற்று. பிறகு ஆளை நேரில் போய்ப் பாருங்கள்.

படம் போடுவன், வீட்டுக்கு வருவன் எண்டு மிரட்டுறாங்க. இதுக்கும் பேசாமத்தான் இருக்கிறதா?

இல்லை. இது கெட்ட நடத்தை அல்ல, குற்றம். மேலே சொன்ன பொறுமை எதுவும் இதற்குப் பொருந்தாது. முதலில் அத்தாட்சியை எடுங்கள், பிறகுதான் தடுக்க வேண்டும். திகதி, நேரம், நம்பர் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட், பேஸ்புக் என்றால் அந்தக் கணக்கின் இணைப்பு. பேரை மாற்றுவார்கள், அப்போது இணைப்புத்தான் உதவும். காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தால் திரும்பவும் கேட்பார்கள். அந்தரங்கப் படம் என்றால் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்டொப் என்சிஐஐ (StopNCII.org) என்ற தளம் இருக்கிறது. படத்தை எங்கும் அனுப்பாமலே, படத்தில் இருந்து கணினி உருவாக்கும் அடையாள எண்ணை மட்டும் கொடுத்து, அதில் இணைந்த தளங்களில் பரவாமல் தடுக்கலாம்.

கணினிப் பாதுகாப்புக்கான அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் (Sri Lanka CERT) இலக்கம் 101. பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929, பொலிஸ் பெண்கள் சிறுவர் பணியகத்துக்கு 109. சட்டப் பக்கத்தில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கின்றன. பின்னையது வேண்டாதவர்களின் வாயை மூடவும் பயன்படக்கூடும் என்ற கண்டனம் பலமாக உண்டு, அதனால் சாதாரண ஏச்சுக்கெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். "கள்ளன்" என்று சொன்னான், மானம் போச்சு என்கிற அளவுத் தகராறுக்கு மத்தியஸ்த சபை போதும். அங்கே இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார வேண்டும். அதிலேயே பாதி தீர்ந்துவிடும்.

எல்லாம் செய்து பாத்திட்டன், ஏலாது. குரூப்ப விட்டுப் போனா ரோசக்காரன் எண்டுவாங்க.

இப்போது வட்ஸ்அப்பில் விலகினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவித்தல் போகும். ஆனால் கடந்த 60 நாளில் விலகியவர்கள் பட்டியலைத் தேடிப் பார்ப்பவர் கண்டுபிடிக்கலாம். விலகாமலே சத்தத்தை "எப்போதும்" என்று நிற்பாட்டி, கண்ணில் படாத ஆர்க்கைவ் பக்கத்தில் போட்டுவைப்பது பலருக்குப் போதுமாக இருக்கிறது. கேட்காமல் வேறு குரூப்பில் சேர்த்துவிடுவதைத் தடுக்கப் பிரைவசி அமைப்பில் குரூப் என்ற இடத்தில், உங்கள் போனில் உள்ளவர்கள் மட்டும் சேர்க்கலாம் என்று மாற்றிவிடுங்கள்.

முழுதாக விலகுவதென்றால் ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். ஊரில் சாவு அறிவித்தல் இப்போது குரூப்பில்தான் வருகிறது. தெரியாமல் செத்த வீட்டுக்குப் போகாமல் விட்டால் அது நீங்கள் விலகியதைவிடப் பெரிய கதையாகும். குரூப்பில் இருக்கிற ஒருவரிடம், மரணச் செய்தி வந்தால் எனக்கும் ஒரு கோல் எடு என்று சொல்லிவிட்டு விலகுங்கள்.